முதல் புஷ்ரேஞ்சர் நாடகம் எது?

நீங்கள் கேட்டது இரண்டு விஷயம். ஆங்கிலேயர் ஆண்ட ஆஸ்திரேலியாவில் காட்டில் ஒளிந்து வாழ்ந்த கொள்ளையர்களைப் பற்றிய முதல் நாடகம் 1829இல் வந்ததா, 1834இல் வந்ததா என்பது ஒன்று. அந்த நாடகங்கள் அவர்களை வீரர்களாகக் காட்டினவா, வில்லன்களாகக் காட்டினவா என்பது இன்னொன்று. கடைசியில், கல்லூரி நாடகக் குழுவுக்காக இவற்றில் ஒன்றைத் தமிழில் போட்டுப் பார்க்கும் ஆசை இருக்கிறது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. முதல் இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன். நான் நாடக வரலாறு பாடம் நடத்துகிறவன். இந்தப் பிரதிகள் சிலவற்றை வகுப்பில் மாணவர்களை வாய்விட்டுப் படிக்க வைத்திருக்கிறேன். நாட்டார் இசையும் சட்ட வரலாறும் என் துறை இல்லை, அதனால் அவற்றைத் தொடும் இடங்களில் அளவோடுதான் பேசுவேன்.

சொல்லிலிருந்து தொடங்கலாம். ஆஸ்திரேலியாவில் ‘புஷ்’ என்றால் ஊருக்கு வெளியே பரந்து கிடக்கும் காடும் புதரும். பிரிட்டனிலிருந்து கப்பலேற்றி நாடுகடத்தப்பட்ட கைதிகளில் தப்பியோடி அங்கே பிழைத்தவர்கள்தான் ஆரம்பத்தில் புஷ்ரேஞ்சர்கள். பசிக்குத் திருடினார்கள், அப்புறம் துப்பாக்கி பிடித்தார்கள், அப்புறம் கும்பல் சேர்ந்தது. 1850களில் தங்கம் கிடைத்த பிறகு அங்கேயே பிறந்து வளர்ந்த ஏழைக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகளும் இந்த வழிக்கு வந்தார்கள். இந்த இரண்டு தலைமுறைக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாடகங்களும் அதே இடத்தில்தான் மாறுகின்றன.

‘முதல்’ என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து உங்கள் முதல் கேள்விக்கு மூன்று பதில் உண்டு. 1829 என்று படித்ததும் சரி, 1834 என்று படித்ததும் சரி, இரண்டுக்கும் முன்னால் ஒன்று இருந்தது என்பதும் சரி. கொள்ளையன் பெயரைச் சொல்லி எங்காவது ஓரிடத்தில் மேடையேறியது போதும் என்றால், 1821இல் லண்டனில் ராயல் கோபர்க் தியேட்டரில் போடப்பட்ட மைக்கேல் ஹவ் நாடகத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் கொட்டகைதான் இன்றைய ஓல்ட் விக். ஹவ், வான் டீமன்ஸ் லேண்டை, அதாவது இன்றைய டாஸ்மேனியாவை, நடுங்கவைத்தவர். தன்னைத்தானே காடுகளின் துணை ஆளுநர் என்று அழைத்துக்கொண்டு, நிஜ ஆளுநருக்கே கடிதம் எழுதியவர். 1818 அக்டோபரில் அவரை அடித்துக் கொன்று தலையை அந்தத் தீவின் தலைநகரான ஹோபார்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதே வருடம் அங்கே அச்சான ஒரு சிறு நூல் அவர் கதையைச் சொன்னது. மூன்றே வருடத்தில் அந்தக் கதை பாதி உலகைச் சுற்றி லண்டன் மேடைக்கு வந்துவிட்டது.

ஆஸ்திரேலியாவில் வாழ்ந்து, அந்த மண்ணைக் கண்ணால் பார்த்தவர் எழுதியதாக இருக்க வேண்டும் என்றால் பதில் 1829. டேவிட் பர்ன் எழுதிய ‘தி புஷ்ரேஞ்சர்ஸ்’. ஆனால் அது மேடையேறிய ஊர் ஸ்காட்லாந்தின் எடின்பரோ, கொட்டகை கலிடோனியன் தியேட்டர். ஆஸ்திரேலிய விஷயத்தை வைத்து எழுதி, ஆஸ்திரேலியாவிலேயே அச்சாகி, அங்கேயே மேடையும் ஏறியது எது என்று கேட்டால் 1834. அது ஹோபார்ட்டில் ஹென்றி மெல்வில் போட்ட ‘தி புஷ்ரேஞ்சர்ஸ், அல்லது நார்வுட் வேல்’. இரண்டுக்கும் ஒரே தலைப்பு என்பதால் பலர் குழம்பிப்போகிறார்கள். அடுத்து சொல்லப்போகும் சார்ல்ஸ் ஹார்ப்பரும் தன் நாடகத்துக்குக் கடைசியில் இதே தலைப்பைத்தான் வைத்தார். அதனால் எங்கே படித்தாலும் தலைப்பை நம்பாமல் ஆசிரியர் பெயரையும் வருடத்தையும் பாருங்கள்.

சரி, இரண்டாவது கேள்வி. வீரனா, வில்லனா? இந்த நாடகங்களை வருட வரிசையில் வைத்துப் படித்ததில் எனக்கு உறுதியாகத் தோன்றுவது ஒன்றுதான். கொள்ளையனை மேடையில் எவ்வளவு நல்லவனாகக் காட்டலாம் என்பதை, அவனைத் தூக்கில் போட்ட இடத்துக்கும் அந்த மேடைக்கும் இருந்த தூரம்தான் முடிவு செய்தது. அந்தத் தூரம் கடல் மைலாகவும் இருக்கலாம், வருடமாகவும் இருக்கலாம்.

பர்னின் நாடகத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் அதன் நாயகன் மாத்யூ பிரேடி நிஜமாக வாழ்ந்தவர். மான்செஸ்டர்காரர். பன்றி இறைச்சியும் வெண்ணெயும் அரிசியும் இருந்த ஒரு கூடையைத் திருடியதற்காக 1820இல் ஏழு வருடம் நாடுகடத்தல் தண்டனை பெற்றார். அடங்காத கைதி என்று மெக்குவாரி ஹார்பருக்கு அனுப்பினார்கள். மழையும் சாட்டையடியும் பட்டினியுமாக இருந்த, கைதிகள் பெயரைக் கேட்டாலே பயந்த இடம் அது. 1824இல் சிலரோடு படகில் தப்பி, இரண்டு வருடம் தீவையே ஆட்டிப்படைத்தார். ஆளுநர் ஜார்ஜ் ஆர்தர் அவர் தலைக்கு விலை வைத்தபோது, பிரேடி பதிலுக்கு ஒரு விடுதிக் கதவில் தன் அறிவிப்பை ஒட்டினார். ஆர்தர் என்றொரு ஆள் வெளியே சுதந்திரமாக நடமாடுவது தனக்குக் கவலை தருகிறது, அவரைப் பிடித்துத் தருபவருக்கு இருபது காலன் ரம் தரப்படும் என்று அதில் எழுதியிருந்தது. ஆளுநரின் மொழியை எடுத்து ஆளுநர் மேலேயே திருப்பிவிட்ட அந்தக் காகிதத்தில் ஒரு நாடகக் காட்சி முழுதாக இருக்கிறது. 1826இல் ஜான் பேட்மன் அவரைப் பிடித்தார். பின்னாளில் மெல்பர்ன் நகரம் உருவானதில் பெரிய பங்கு வகித்த அதே பேட்மன்தான். அந்த வருடம் மே 4ஆம் தேதி ஹோபார்ட்டில் பிரேடி தூக்கிலிடப்பட்டார்.

இதுவரை சொன்னதெல்லாம் உறுதியானது. பெண்கள் அவர் சிறைக் கொட்டடிக்குப் பூவும் பழமும் அனுப்பினார்கள், தூக்குமேடையில் கூட்டம் அழுதது என்பதெல்லாம் பிரேடி கதையோடு எப்போதும் ஒட்டிக்கொண்டே வரும். நடந்திருக்கலாம். பெண்கள் மேல் கை வைக்காதவர் என்ற பெயர் அவருக்கு அன்றே இருந்தது. ஆனால் எந்த நாட்டில் கனவான் கொள்ளையன் கதையை எடுத்தாலும் இதே பூக்கூடை வந்துவிடுகிறது. ஆகவே இதை மரபுச் செய்தி என்று வைத்துக்கொள்வதே நியாயம்.

பிரேடி தூக்கிலிடப்பட்ட அதே 1826இல் டேவிட் பர்ன் அந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தார். ஊரே அந்தக் கதையைப் பேசிக்கொண்டிருந்த நேரம். ஸ்காட்லாந்துக்குத் திரும்பியதும் 1829இல் அதை மேடையேற்றினார். அதில் பிரேடி மனிதாபிமானம் உள்ளவராக, கொடுமை தாங்காமல் துப்பாக்கி எடுத்தவராக வருகிறார். கைதிகளை நடத்திய விதத்தின் மேல் நாடகத்துக்கு இருக்கும் கோபத்தையும் மறைக்கவில்லை. எடின்பரோவில் இதைப் போடலாம். ஹோபார்ட்டில் ஆர்தர் 1836 வரை ஆளுநராக இருந்தார், தூக்கில் போட்டதைப் பார்த்தவர்கள் தெருவில் நடந்துகொண்டிருந்தார்கள், பிரேடி கும்பலிடம் பொருளைப் பறிகொடுத்த பண்ணைக்காரர்களும் இருந்தார்கள். 1842இல் பர்ன் தன் நாடகங்களைத் தொகுத்து ஹோபார்ட்டிலேயே புத்தகமாகப் போட்டார், அதில் ‘தி புஷ்ரேஞ்சர்ஸ்’ இல்லை. அது அச்சேறியது 1971இல்தான். விட்டுவிட்டதற்குக் காரணம் பயம் என்பது என் ஊகம், ஆதாரம் காட்டிச் சொல்லும் விஷயம் இல்லை. நாடகம் தேறாது என்று அவரே நினைத்திருக்கவும் கூடும்.

மெல்வில் நாடகம் இதற்கு நேர் எதிர். பண்ணை வீடு, குடியேறிய குடும்பம், காதல், காட்டிலிருந்து வந்து பாயும் கொள்ளையர், முடிவில் குடும்பத்துக்கு விடிவு. அச்சு அசலான மெலோடிராமா. கொள்ளையர்கள் கற்பனை ஆட்கள், வெறும் ஆபத்தாக மட்டுமே வந்து போகிறார்கள். மெல்வில் ஆட்சியாளர்களுக்குப் பயந்து இப்படி எழுதினார் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அவர் பத்திரிகைக்காரர், ஆர்தர் ஆட்சியைத் தாக்கி எழுதியவர், 1835இல் நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைக்கே போனவர். அவர் எதிரே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்க்க வேண்டும். அப்போது ஹோபார்ட்டில் நாடகத்துக்கென்று கட்டிய கொட்டகை கிடையாது, தியேட்டர் ராயல் 1837இல்தான் திறந்தது. கிடைத்த கூடத்தில் திரை கட்டி ஆடினார்கள். பார்க்க வந்தவர்களில் பலருக்கு, ராத்திரி நாய் குரைத்தால் விளக்கை அணைத்துவிட்டுத் துப்பாக்கியைத் தேடிய அனுபவம் இருந்திருக்கும். அந்தக் கூட்டத்தின் முன்னால் கொள்ளையனை வீரனாக நிறுத்துவது நடக்கிற காரியமா?

மூன்றாவது ஆள் சார்ல்ஸ் ஹார்ப்பர். என் மனதுக்கு மிகவும் நெருக்கமானவர். 1813இல் சிட்னிக்கு அருகே வின்ட்சரில் பிறந்தார். அப்பா, அம்மா இருவருமே நாடுகடத்தப்பட்டு வந்த கைதிகள். பின்னால் கவிஞராகப் பேர் எடுத்தார். அவருக்குப் பதினேழு வயதாக இருந்தபோது, அந்த வட்டாரத்திலேயே திரிந்த ஜாக் டோனஹோ என்ற அயர்லாந்துக்காரரை 1830 செப்டம்பர் 1ஆம் தேதி பிரிங்கெல்லி பக்கம் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். சர்வேயர் ஜெனரல் தாமஸ் மிட்செல் பிணவறைக்குப் போய் டோனஹோவின் முகத்தைப் பென்சிலால் வரைந்தார். கண் மூடிய, இளமையான, அமைதியான முகம். அதன் கீழே ஆங்கிலக் கவிஞர் பைரனின் இரண்டு கவிதை வரிகளையும் எழுதிவைத்தார். அரசாங்கத்தின் பெரிய அதிகாரி ஒருவர், அரசாங்கம் சுட்டுக் கொன்ற கொள்ளையனை ஒரு காவிய நாயகனைப் பார்ப்பதுபோல் பார்த்திருக்கிறார். அதே நேரம் சிட்னிக் கடையில் டோனஹோவின் தலை வடிவத்தில் களிமண் புகைக்குழாய் விற்றது, நெற்றியில் குண்டு துளைத்த ஓட்டையோடு. வாங்கிப் புகைத்தார்கள். அவர் பெயரில் ஒரு பாட்டும் பரவியது. சாராயக் கடைகளில் அதைப் பாடக்கூடாது என்று அரசு தடைபோட்டதாகப் பல புத்தகங்களில் இருக்கிறது. அப்படி ஒரு ஆணையை நான் கண்ணால் பார்த்ததில்லை, அதனால் அதை உறுதியான பக்கத்தில் வைக்க மாட்டேன்.

ஹார்ப்பர் எழுதியது கவிதை நடையில் ஒரு துயர நாடகம். பெயர் ‘தி டிராஜெடி ஆஃப் டோனஹோ’. 1835இல் சிட்னிப் பத்திரிகை ஒன்றில் அதன் பகுதிகள் வந்தன. கொள்ளையன் அதில் சுத்தமான வீரனும் இல்லை, முழு வில்லனும் இல்லை. தன் பாவம் தெரிந்தவன், அதிலிருந்து வெளியே வர முடியாதவன். சட்டத்தைக் காக்க வேண்டிய மாஜிஸ்திரேட்டுகளையும் ஹார்ப்பர் விட்டுவைக்கவில்லை. இருபது வருடம் அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1853இல் புத்தகமாக வந்தபோது டோனஹோ என்ற பெயர் போய்விட்டது, நாயகன் பெயர் ஸ்டால்வார்ட் ஆகிவிட்டது. அவர் உயிரோடு இருந்தவரை அது மேடை ஏறவே இல்லை. ஷேக்ஸ்பியர் பாணியில் நீண்ட நீண்ட வசனங்கள், அன்றைய கொட்டகைக்கு ஒத்துவராது என்பது ஒரு காரணம். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிட்னியில் புது நாடகம் போட வேண்டுமானால் கையெழுத்துப் பிரதி காலனிச் செயலர் அலுவலகத்துக்குப் போய் அனுமதியோடு திரும்ப வேண்டும். நகர வாழ்க்கையைக் கேலி செய்த ‘லைஃப் இன் சிட்னி’ என்ற நாடகத்துக்கே 1843இல் அனுமதி மறுத்தார்கள். அன்றைக்குக் கைகளைக் கட்டிப்போட்ட அந்தத் தணிக்கையால் நமக்கு ஒரு லாபமும் உண்டு. அங்கே அனுப்பிய பிரதிகள் சில அரசுக் கோப்புகளில் தங்கிவிட்டதால்தான் அந்தக் கால நாடகங்களை இன்று படிக்க முடிகிறது.

அடுத்த சில பத்தாண்டுகளைத் தாண்டி, புஷ்ரேஞ்சர்களிலேயே மிகப் பிரபலமான நெட் கெல்லிக்கு வந்துவிடலாம். 1878 அக்டோபரில் விக்டோரியாவில் ஸ்டிரிங்கிபார்க் ஓடைப் பக்கம் மூன்று போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். கெல்லி கும்பலைச் சட்டத்துக்கு வெளியே தள்ளி அறிவித்தார்கள். அப்படி அறிவித்தபின் ஆயுதம் வைத்திருக்கும் அவர்களை யாரும் சுடலாம். 1879இல் அவர்கள் தலைக்கு மொத்தம் 8,000 பவுண்டு விலை. அந்த 1879இலேயே மெல்பர்னில் ‘கேட்சிங் தி கெல்லிஸ்’ என்ற நாடகம் மேடையேறியது. நான் மேலே சொன்ன தூரக் கணக்கு இங்கே உடைகிறது என்று நீங்கள் கேட்கலாம். ஆள் உயிரோடு காட்டில் இருக்கிறார், நாடகம் நகரத்தில் நடக்கிறது. ஆனால் அது கேலி நாடகம். ஆளைப் பிடிக்க முடியாமல் அலைந்த போலீஸைப் பார்த்து நகரம் சிரித்தது. கெல்லியை வீரன் என்று வாய்விட்டுச் சொல்லாமலேயே சிரிக்க அதில் இடமிருந்தது.

1880 ஜூனில் கிளென்ரோவனில் கெல்லி பிடிபட்டார். கலப்பை இரும்பை வளைத்துச் செய்த அவருடைய கவசம் இன்றும் மெல்பர்னில் விக்டோரியா மாநில நூலகத்தில் இருக்கிறது. குண்டு பட்டுக் குழிந்த தடங்களை அதில் கண்ணால் எண்ணலாம். நவம்பர் 11ஆம் தேதி காலை அவர் தூக்கிலிடப்பட்டார். அன்று இரவே தங்கை கேட்டும் தம்பி ஜிம்மும் மெல்பர்னில் அப்பல்லோ ஹால் மேடையில் வந்து நின்றார்கள். மக்கள் காசு கொடுத்து உள்ளே போய்ப் பார்த்தார்கள். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் கொஞ்ச நேரம் யாரும் பேசுவதில்லை. பாத்திரத்துக்கு நடிகர் தேவைப்படாத மேடை அது, துக்க வீடே டிக்கெட் போட்டுத் திறந்திருக்கிறது. பிழைப்புக்காக வந்தார்களா, அண்ணனுக்காகப் பேச வந்தார்களா என்பதை இங்கிருந்து தீர்ப்பு சொல்ல நமக்கு உரிமை இல்லை. கெல்லி நாடகங்கள் விடாமல் சொல்லும் அவருடைய கடைசி வார்த்தை, ‘வாழ்க்கை இவ்வளவுதான்’ என்பது, சந்தேகத்துக்குரியது. தூக்குமேடையருகே இருந்த நிருபர்கள் ஆளுக்கு ஒன்றாக எழுதினார்கள்.

கொள்ளையன் முழு நாயகனாக மேடையில் கைதட்டு வாங்கியது 1890இல். ஆல்ஃபிரட் டாம்பியரும் கார்னெட் வால்ஷும் சேர்ந்து ‘ராபரி அண்டர் ஆர்ம்ஸ்’ நாவலை நாடகமாக்கி மெல்பர்ன் அலெக்ஸாண்ட்ரா தியேட்டரில் போட்டார்கள். கேப்டன் ஸ்டார்லைட் கற்பனைப் பாத்திரம், கனவான், குதிரை வீரன். நாவலில் செத்துப்போகிறவரை நாடகத்தில் பிழைக்க வைத்தார்கள். இரண்டு அசட்டுப் போலீஸ்காரர்களையும் சேர்த்தார்கள். நம் கூத்தில் கட்டியங்காரன் செய்யும் வேலையை அவர்கள் செய்தார்கள். ஊரில் புஷ்ரேஞ்சர் பயம் போய்விட்டிருந்தது, இனி யாருக்கும் ஆபத்தில்லை. அப்புறம் கூடாரம் போட்டுக் குதிரைகளோடு ஊர் ஊராகக் கெல்லி நாடகம் ஆடினார்கள். அதன் தொடர்ச்சிதான் 1906 டிசம்பர் 26ஆம் தேதி மெல்பர்னில் வெளியான ‘தி ஸ்டோரி ஆஃப் தி கெல்லி கேங்’ படம், உலகின் முதல் முழுநீளக் கதைப்படம் என்று மதிக்கப்படுவது. அந்தப் படத்தை 1907இல் பெனல்லாவிலும் வாங்கரட்டாவிலும், அதாவது கெல்லியின் சொந்த வட்டாரத்தில், காட்டக்கூடாது என்று தடை செய்தார்கள். மெல்பர்னில் ஓடிய படம் கெல்லியின் ஊரில் ஓடக்கூடாது. தூரம் என்று நான் சொன்னது இதைத்தான்.

இப்போது உங்கள் ஆசைக்கு வருகிறேன். ஒரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள். இந்த நாடகங்களில் பூர்வகுடிகள் வருவார்கள், ஆனால் வெள்ளைக்கார நடிகர் முகத்தில் கரி பூசிக்கொண்டு வருவார். விசுவாச வேலைக்காரனாகவோ பயமுறுத்தும் நிழலாகவோ வருவார். காடு யாருடைய காடு என்ற கேள்வி எழுவதே இல்லை. மைக்கேல் ஹவ்வோடு காட்டில் வாழ்ந்தவர் மேரி காக்கரில் என்ற பூர்வகுடிப் பெண். 1817இல் படைவீரர்கள் துரத்தியபோது ஹவ் சுட்டதில் மேரி காயப்பட்டார். அவரைக் குறிவைத்தாரா, வீரர்களைக் குறிவைத்தது தவறிப்போனதா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. அதன்பின் மேரியே படைக்கு வழிகாட்டிக்கொண்டு ஹவ்வைத் தேடிப் போனார். ஹவ்வின் கதையை இன்று எடுக்கிறவர்கள் மேரியை ஓரத்தில் நிறுத்தக்கூடாது.

என்னைக் கேட்டால், மெல்வில் உங்களுக்கு வேண்டாம், அதில் நடிகருக்குப் பிடிப்பு குறைவு. ஹார்ப்பர் படிக்க அருமை, மாணவர்கள் நின்று பேசக் கடினம். கவிதையாகவே மொழிபெயர்த்தால் இரண்டு மணி நேரம் நடை தாங்க வேண்டும், உரைநடையாக்கினால் உயிர் போய்விடும். பர்னை எடுங்கள். பாதியாக வெட்டுங்கள். திரை விலகும்போது ஒரு விடுதிக் கதவு மட்டும் இருக்கட்டும். ஆளுநரின் அறிவிப்பை ஒருவர் உரக்க வாசிக்கட்டும், இன்னொருவர் வந்து அதன் மேலேயே பிரேடியின் காகிதத்தை ஒட்டட்டும். இருபது காலன் ரம் என்றே வையுங்கள், தமிழுக்காக அதைச் சாராயமாகவோ கள்ளாகவோ மாற்ற வேண்டாம். எந்த ஊர், எந்த ஆட்சி என்பது அந்தச் சொல்லிலேயே தெரிய வேண்டும்.